பிற்பாட்டு

மே 5, ஞாயிறு
மாங்குளம் போகும் பஸ். அம்மப்பாவை இரவே அம்புலன்சில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கற்சிலைமடுவைக் கடக்கும்போது கல்லைத் தேடினேன். 1803 ஒக்டோபர் 31இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் கப்டன் வொன் ட்ரிபேர்க்கிடம் தோற்றான் என்று சொல்லும் கல். அதே ஆண்டு முல்லைத்தீவுக் கோட்டையை அவன் பிடித்த கதையை எங்களுக்குச் சொன்னவை ஊர் மேடைகள்தான். மேடைகளும் ஓய்ந்துபோனால் கல் சொல்வது மட்டும்தானே மிஞ்சும்? பஸ் நிற்கவில்லை.

மே 6, திங்கள்
இன்று ஊரில் பாக்குத்தெண்டல், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலின் முதல் சடங்கு. அவரிடம் சொல்லவில்லை.

மே 8, புதன்
மூச்சு வாங்குகிறது, ஆனாலும் பாடுகிறார். கோவலன் கூத்து. கண்ணகி சிலம்பைக் கழற்றிக் கொடுக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறார். மறுபடி முதலிலிருந்து. "வயது போய்விட்டது, மறந்துவிட்டார்" என்கிறார் பக்கத்துக் கட்டில் ஐயா.

கொப்பி இருந்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவருக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் சொல்லச் சொல்ல எழுதிய கொப்பி. 2009இல் இறுதிப் போரில் மாத்தளனில் ஒரு பதுங்குகுழியில் உடுப்புப் பையோடு போனது. முகாமில் இருந்த மாதங்களில் எல்லாரும் காணாமல்போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது கொப்பியைப் பற்றிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அம்மாதான் இதைச் சொன்னார்.

கனடாவிலிருந்து மாமா பேசினார். "பதிவு செய்து அனுப்பு பிள்ளை, இணையத்தில் போட்டால் அழியாது." பதிவு செய்தேன்.

மே 9, வியாழன்
தூக்கமில்லை. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஒரு வரி, பிறகு ஒரே அளவான மௌனம், மறுபடி அதே வரி. அவர் எதையும் மறக்கவில்லை! பிற்பாட்டுக்காரர் அந்த வரியை வாங்கித் திருப்பிப் பாடுவதற்காக நிறுத்துகிறார். பிற்பாட்டுப் பாடியவர்களில் ஊரில் இன்று ஒருவரும் இல்லை. என் கைப்பேசியில் இருப்பது பாதிக் கூத்து. இதை மாமாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

மே 11, சனி
மூக்கில் ஒட்சிசன் குழாய். பாட்டு இல்லை.

மே 13, திங்கள்
கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: "சிலாவத்தையில் தீர்த்தம் எடுத்துவிட்டார்களா?" எடுத்துவிட்டார்கள் அம்மப்பா என்றேன். காட்டா விநாயகர் கோயிலில் இனி ஒரு கிழமை அந்தக் கடல்நீரில் விளக்கு எரியும். பிறகு வற்றாப்பளையில் பொங்கல். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பிள்ளைகள் கிழவியாய் வந்த கண்ணகி அம்மனுக்குப் பேன் பார்க்கப்போய், தலை முழுவதும் கண்களைக் கண்ட கதையைத் தாதிக்குச் சொன்னார். அந்தப் பிள்ளையும் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டது. எனக்கு அழுகை வந்தது.

மே 15, புதன்
அக்கா சின்னவனைக் கூட்டிவந்தாள். பள்ளிக்கூடப் போட்டிக்குக் கோவலனாக ஆடியவன். விடியவிடிய ஆடும் கூத்தைச் சில நிமிடங்களாக நறுக்கிப் பிள்ளைகளிடம் கொடுப்பது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

அம்மப்பா வரியைப் பாடி நிறுத்தினார். சின்னவன் வாங்கிப் பாடினான், போட்டி வேகத்தில். அவர் கையை உயர்த்தி மறித்தார். கட்டில் கம்பியில் விரலால் தாளம் போட்டார், மெதுவாக. மறுபடி பாடச் சொன்னார். மறுபடி. தாதி வந்து நேரம் முடிந்தது என்று சொல்லும்வரை விடவில்லை. சிலம்பைத் தாண்டி மதுரைக்குப் போகும் வழிவரை வந்துவிட்டார்கள்.

மே 16, வியாழன்
சின்னவனுக்கு நாளைக்கும் பள்ளிக்கூட விடுப்பு வேண்டும். கடிதம் எழுதிவிட்டேன். அக்கா சம்மதிக்கவில்லை, பரீட்சை வருகிறதாம். இரவு மறுபடி பேச வேண்டும்.