மயில்கழுத்து நிறத்தில் ஒரு குளவி

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். வாடிப்போன எருக்கம் மாலையையும் அருகம்புல்லையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். வாஷிங் மெஷின் வைத்திருக்கும் திண்டின் மேல் ஒரு பூச்சி. முக்கால் அங்குலம் இருக்கும். பச்சையா நீலமா என்று சொல்ல முடியவில்லை. புடவைக் கடையில் மயில்கழுத்து என்பார்களே, அந்த நிறம். இறக்கை இருந்தும் பறக்கவில்லை. எறும்பு மாதிரி விறுவிறுவென்று ஓடி, சட்டென்று நின்று, மீசையால் தரையைத் தட்டிப் பார்த்து, மறுபடியும் ஓடியது.

“குளவிடா, கிட்டப் போகாத” என்றார் அம்மா. சின்ன வயதில் ஊரில் கதண்டு கொட்டி, சுண்ணாம்பு தடவி மூன்று நாள் படுத்திருந்தவர். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. என் மகளுக்கு ஐந்து வயது. வெறுங்காலோடு அங்கேதான் விளையாடுகிறாள். கரப்பான் மருந்து டப்பாவை எடுத்து வருவதற்குள் பூச்சி மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் அதே திண்டு, அதே பூச்சி. இந்த முறை முதலில் போனில் படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால், நடுக்கால்களிலும் பின்னங்கால்களிலும் தொடை மட்டும் நல்ல சிவப்பு. மற்ற இடமெல்லாம் மினுக்கும் மயில்கழுத்துதான்.

குயில் குளவியாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் இப்படித்தான் மின்னும். மற்றக் குளவிகளின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டை வைக்கும். ஆனால் அது குட்டை. உடம்பெல்லாம் ஊசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழி இருக்கும், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இதுவோ நீளம், தலைக்குக் கீழே கழுத்து மாதிரி ஒடுங்கியிருக்கிறது. கழுத்தையும் சிவப்புத் தொடையையும் சேர்த்துப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. கரப்பான் பூச்சியை வேட்டையாடும் மரகதக் குளவி. 1781இல் ஃபப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் விவரித்த இனம். அறிவியல் பெயர் ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா. தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பது. வேற்றூர் விருந்தாளி என்று நினைத்தேன், நம் ஊர்க்காரிதான்.

இது கதண்டு மாதிரி கூட்டமாக வாழாது. காவல் காக்கப் பெரிய கூடும் கிடையாது, அதனால் துரத்தி வந்து கொட்டுகிற வேலையும் இல்லை. கையில் பிடித்தாலோ மிதித்தாலோ கொட்டும், அதுவும் பெண் குளவி மட்டும்தான். மருந்து டப்பாவைப் பரணில் வைத்துவிட்டேன். மகளுக்கு இரண்டே விதி: செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும்; பார்க்கலாம், தொடக்கூடாது.

செப்டம்பர் 14, சனி

இன்று நேரிலேயே பார்த்துவிட்டேன்! கை இன்னும் படபடக்கிறது.

மதியம் மூன்று மணி. வாளிக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான் ஓடி வர, இவள் பாய்ந்து அதன் தோள் விளிம்பைக் கவ்வினாள். வயிற்றை வளைத்து நெஞ்சில் ஒரு கொட்டு. முன்னங்கால்கள் துவண்டன. அடுத்த கொட்டு கழுத்து வழியாகத் தலைக்குள். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டுப் போயே போய்விட்டாள்.

கரப்பான் சாகவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று, சாவகாசமாகக் கால்களையும் மீசையையும் சுத்தம் செய்துகொண்டிருந்தது. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டேன். விளக்கைப் போட்டாலே மாயமாகிற ஜாதி, அசையவில்லை.

அவள் திரும்பி வந்தாள். இரண்டு மீசையையும் பாதியில் கடித்து நறுக்கினாள். நறுக்கிய முனையில் ஊறிய துளியை உறிஞ்சினாள். பிறகு தலையில் மிஞ்சியிருந்த மீசை ஒன்றைக் கவ்விக்கொண்டு பின்பக்கமாக நடக்க, தன்னைவிடப் பெரிய அந்தக் கரப்பான், கயிற்றில் பிடித்த மாடு மாதிரி கூடவே நடந்தது. சுவரின் அடியில் பழைய பைப் துளை ஒன்று அடைக்காமல் கிடக்கிறது. இரண்டும் உள்ளே போயின. அவள் மட்டும் வெளியே வந்து, சிமெண்ட் துணுக்கு, பொடிக்கல், வேப்பிலைக் காம்பு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து துளையை அடைத்தாள். நாற்பது நிமிடம் நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். “கொட்டக் கொட்டத்தானே புழு குளவியாகும்னு சொல்வாங்க” என்றார். அந்தக் காலத்தில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து பார்த்துத்தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போனது வேறு பூச்சி, வெளியே வருவது குளவி.

உள்ளே நடப்பது இதுதான். முதல் விஷம் முன்னங்கால்களைச் சில நிமிடம் முடக்குகிறது. இரண்டாவது மூளையில் இறங்குகிறது. அதற்குப் பிறகும் கரப்பானுக்கு நடக்க முடியும். தானாக நடக்கத் தொடங்கும் உந்துதல்தான் போய்விடுகிறது. குளவி அதன் நடுக்காலின் அடியில் இரண்டு மில்லிமீட்டர் முட்டை ஒன்றை ஒட்டிவிடும். மூன்று நாளில் புழு பொரிந்து, முதலில் வெளியிலிருந்து உறிஞ்சி, பிறகு உடம்புக்குள் புகுந்து தின்று, அந்த ஓட்டுக்குள்ளேயே கூடு கட்டிக்கொள்ளும். 1941இல் கரப்பானை ஒழிக்க இதை ஹவாய்க்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் ஒரு முட்டைக்கு ஒரு கரப்பான் என்கிற வேகத்தில் ஒரு ஊரைச் சுத்தம் செய்ய முடியுமா?

அக்டோபர் 15, செவ்வாய்

காலையிலிருந்து கொட்டித் தீர்க்கிறது. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் மடிப்பாக்கம் தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். பின்பக்கமும் வந்துவிட்டது, திண்டுக்கு நாலு விரல் கீழே நிற்கிறது. ராத்திரி இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன். அடைப்பு அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

நாற்பத்து மூன்றாவது நாள். அடைப்பின் நடுவில் ஒரு ஓட்டை, பொடிக்கல் வெளிப்பக்கமாகச் சிதறிக் கிடக்கிறது. வெளியே வந்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நேற்றிரவுக்கும் இன்று காலைக்கும் நடுவில் போய்விட்டது. டார்ச் அடித்தால், உள்ளே கரப்பான் ஓடு காலியாகக் கிடக்கிறது. முன்புறம் உடைந்து, பழுப்பாக நூல்கூட்டின் விளிம்பு தெரிகிறது.

மகளைக் குனியவைத்துக் காட்டினேன். அப்புறம் அம்மாவும் டார்ச்சை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெதுவாகக் குனிந்து பார்த்தார்.