313-ம் 380-ம்: ஒரு அரியர் தந்த பாடம்

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. பண்டைய நாகரிகங்கள் தாளில் 67. போன தடவை இதே தாளில் 39 வாங்கி அரியர் வைத்தவன் நான். முதல் தடவையிலேயே 80 எடுப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் எம்.ஏ. வரலாறு படிக்கிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

எனக்கு நகை அடகுக் கடையில் கணக்கு எழுதும் வேலை. இந்தத் தாளில் அது எனக்குக் கை கொடுத்தது, சொல்கிறேன்.

‘ரோமப் பேரரசில் கிறித்தவத்தின் எழுச்சி’ எப்படியும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது அல்வா மாதிரி என்று நினைத்தேன். ஒரு வாரம்கூடத் தவறாமல் ஞாயிறு பள்ளிக்குப் போய் வளர்ந்தவன். கேள்வியைப் பார்த்ததும் ஆறு பக்கம் தள்ளினேன். சிங்கம், நீரோ, வானத்தில் தெரிந்த சிலுவை எல்லாம் வந்தது. பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் 20-க்கு 6. ‘கி.பி. 313-இல் கான்ஸ்டன்டைன் கிறித்தவத்தை அரச மதமாக்கினார்’ என்று எழுதிய வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வேறு எழுத்தே இல்லை. அந்த ஒரு கேள்விக்குறிக்கு ஒரு வருடம் போனது.

அந்த வரி நான் காசு கொடுத்து வாங்கிய கைடில் அப்படியே இருந்தது. விற்ற படிப்பு மையத்தில் போய்க் கேட்டேன். “எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க” என்றார்கள். சரி, விடுங்கள்.

நடந்தது இதுதான். 313-இல் மிலானில் ரோமப் பேரரசர்களான கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் சேர்ந்து ஒத்துக்கொண்டது, அவரவர் விரும்பிய மதத்தைப் பின்பற்றலாம் என்பதை. கிறித்தவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். பறிமுதல் செய்த தேவாலயச் சொத்தைத் திருப்பிக் கொடுக்கவும் சொன்னார்கள். ‘மிலான் ஆணை’ என்று நாம் படிப்பதுகூட, அதே வருடம் ஜூனில் லிசினியஸ் நிக்கோமீடியாவில் (இன்றைய துருக்கி) வெளியிட்ட கடிதமாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. கான்ஸ்டன்டைன் ரோமின் தலைமைப் பூசாரிப் பட்டத்தைச் சாகும்வரை விடவில்லை. 313-க்குப் பிறகும் சில வருடம் அவர் நாணயங்களில் சூரியக் கடவுள்தான். 325-இல் ஆயர்களை அழைத்து நிசேயா சங்கத்தைக் கூட்டிய மனிதர் ஞானஸ்நானம் பெற்றது 337-இல், மரணப் படுக்கையில்.

அரச மதம் என்ற சொல்லுக்கு உரிய வருடம் 380. தெசலோனிக்கா ஆணை, பேரரசர் தியோடோசியஸ். அதிலும் முதல் அடி விழுந்தது கோயில்களுக்கு அல்ல, இயேசு பிதாவுக்குச் சமம் அல்ல என்ற ஏரியஸ் கொள்கையைப் பின்பற்றிய கிறித்தவர்களுக்கு. கோயில் பலிகளை அடியோடு தடுத்த தியோடோசியஸின் சட்டங்கள் 391, 392-இல் வந்தன.

இதை மறக்காமல் இருக்க ஒரு வழி உண்டு: ஜூலியனை நடுவில் உட்கார வையுங்கள். 361-இல் பட்டத்துக்கு வந்து பழைய கோயில்களை மறுபடி திறக்கச் சொன்னவர். 313-லேயே அரச மதம் ஆகியிருந்தால் இந்த மனிதர் இத்தனை சுலபமாக அதைச் செய்திருக்க முடியுமா? 380-இல் 313-ஐக் கழித்தால் 67. என் மார்க்கும் 67. தற்செயல்தான், ஆனால் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி மட்டும், “அப்ப 391-ன்னு எழுதியிருந்தா 78 வந்திருக்குமாடே?” என்று கேட்டார்.

அடுத்தது கிறித்தவர்கள் மீதான துன்புறுத்தல். 300 வருடம் இடைவிடாமல் சிங்கத்துக்குப் போட்டார்கள் என்று எழுதினால் மார்க் போகும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘எந்த ஊர் வரைக்கும்?’ என்று எழுதிப் படியுங்கள் (வரிசையில் பிளினி தவிர மற்றவர்கள் பேரரசர்கள்):

- 64, நீரோ. ரோம் நகரம் மட்டும். நகருக்குத் தீ வைத்த பழி கிறித்தவர்கள் மேல்.
- 112 வாக்கில், பிளினி. பித்தினியா, பொந்து பகுதியின் (இன்றைய துருக்கியின் வடக்கு) ஆளுநர்.
- 250, டேசியஸ். பேரரசு முழுவதும் இதுதான் முதல்.
- 257, வலேரியன். 258-இல் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் தலை போனது. 260-இல் கல்லியெனஸ் நிறுத்தினார்.
- 303, டயோக்ளீஷியன். இதுதான் மிகப் பெரியது.
- 311, கலேரியஸ். சாகும் தறுவாயில் தடையை நீக்கினார். கைடுகள் இவரை விழுங்கிவிடும். நீங்கள் விழுங்காதீர்கள்.

இதில் பிளினியின் கடிதத்தையும் பேரரசர் டிராஜன் பதிலையும் நிதானமாக ஒரு முறை படித்துவிட்டால் எந்தச் சின்னக் கேள்வியும் எழுதலாம். கிறித்தவனா என்று மூன்று முறை கேட்பேன், மூன்று முறையும் ஆமாம் என்றால் தண்டனை என்கிறார் பிளினி. டிராஜன் பதில் நாலு வரி: தேடிப் போகாதே, பெயரில்லாத புகாரை எடுக்காதே, நம் தெய்வங்களை வணங்கிவிட்டால் மன்னித்துவிடு. பலி இறைச்சி வாங்க ஆள் இல்லாமல் இருந்தது, இப்போதுதான் மறுபடி விற்கிறது என்று பிளினி சொல்கிற இடம் எனக்குப் பிடித்தது. எவ்வளவு பரவியிருந்தது என்று சந்தைக் கணக்கில் காட்டுகிறார்.

டேசியஸ் காலத்துச் சான்றிதழ்கள் எகிப்து மணலில் பாப்பிரஸ் தாளாகக் கிடைத்திருக்கின்றன. எல்லோரும் தெய்வத்துக்குப் பலி கொடுத்து, கொடுத்தேன் என்று அதிகாரிகளிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றில் டயோஜெனிஸ் என்ற கிழவர். வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நான் தினமும் அடகு ரசீதில் ‘இடது கையில் மச்சம்’ என்று எழுதுகிறவன். இதைப் படித்த ராத்திரி டேசியஸ் எனக்கு மனப்பாடம் ஆனார். தேர்வில் இந்தத் தழும்பை எழுதினேன். அதற்குத்தான் மார்க் வந்தது என்று இன்னும் நம்புகிறேன்.

காரணங்கள்: ரோமச் சாலை, கிரேக்க மொழி, யூத ஜெப ஆலயங்கள், பவுலின் பயணங்கள், கொள்ளைநோயில் நோயாளிகளைக் கவனித்தது. உங்களுக்கே தெரியும். ஏழை உதவிக்கு மட்டும் ஜூலியனையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள்: ‘அந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள்’ என்று ஒரு பூசாரிக்குக் கடிதம் எழுதிப் புலம்பியிருக்கிறார் (கலிலேயர்கள் என்றால் அவர் கணக்கில் கிறித்தவர்கள்). எதிராளி சொன்னால் எடை அதிகம்.

இப்போது கடைக் கணக்கு. ராட்னி ஸ்டார்க் என்ற சமூகவியலாளர் ஒரு மதிப்பீடு தருகிறார். கி.பி. 40-இல் 1,000 பேர் என்று வையுங்கள். பத்து வருடத்துக்கு 40 சதவீதம் கூடினால் போதும். கூட்டு வட்டி! கால்குலேட்டரில் தட்டினேன். 100-இல் சுமார் 7,500. 200-இல் 2.18 லட்சம். 300-இல் 63 லட்சம். 350-இல் 3.4 கோடி. பேரரசின் மொத்த ஜனமே ஏறக்குறைய 6 கோடி. முதல் 200 வருடம் கண்ணுக்கே தெரியாது, கடைசி 50 வருடத்தில் எங்கே பார்த்தாலும் அவர்கள்தான். வட்டி குட்டி போடுவதைப் பார்க்காதவர்களுக்கு இது அதிசயமாகத் தெரியலாம். கான்ஸ்டன்டைன் ஓடுகிற பேருந்தில் ஏறியவர், பேருந்தை ஓட்டியவர் அல்ல என்று ஒரு பத்தி எழுதினேன். மதிப்பீடு என்ற சொல்லை மறக்காமல் போடுங்கள்.

மற்றபடி:

- விடியற்காலை எழுந்து படி என்கிறவர்களை நம்பாதீர்கள். நான் கடை மூடி, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் படித்தேன்.
- கலர் பேனா வேண்டாம். அடிக்கோடு போட்டதில் எனக்குப் போன தடவை பத்து நிமிடம் வீண்.
- வருடம் சந்தேகமா? நூற்றாண்டைச் சொல்லிவிட்டு நகருங்கள்.
- ஞாயிறு பள்ளியில் படித்தவர்களுக்குத் தனியாக: பிரசங்கம் எழுதாதீர்கள். கை தானாகப் போகும், பிடித்து நிறுத்துங்கள்.

நேற்று பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன், “அண்ணே, பழைய கைடு இருக்கா?” என்று வந்து நின்றான். கொடுத்தேன். அந்த 313 பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.