டேங்கர் ஓட்டுநர் தேர்வுக்கு நான் படித்த விதம்

கனரக வாகன உரிமம் கையில் இருந்தால் மட்டும் பெட்ரோல் டேங்கரை எடுத்துவிட முடியாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆவது விதிப்படி, அபாயகரமான சரக்கு ஏற்றும் ஓட்டுநர் மூன்று நாள் பயிற்சி முடித்துத் தேறியிருக்க வேண்டும். ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டையும் சிமெண்டும் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த நான், சங்ககிரியில் டேங்கர் வேலைக்குப் போக இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன்.

கேள்வி பதில் ஜெராக்ஸ் ஒன்று ஓட்டுநர்களிடையே கைமாறிக்கொண்டே இருக்கும். எனக்கும் வந்தது. அதை மனப்பாடம் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. வால்வு ஒழுகும்போது அ, ஆ, இ என்று விடைகளை யாரும் நீட்டப் போவதில்லை.

எனக்கு வழிகாட்டியவர் எங்கள் பட்டறைக்கு வரும் மூத்த ஓட்டுநர் அண்ணன் ஒருவர். “முதலில் வண்டியின் முதுகைப் படி தம்பி, புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம்” என்று கோவை பைபாஸ் ஓரம், டேங்கர்கள் வரிசையாக நிற்கும் டீக்கடைக்கு அழைத்துப் போனார். பெட்ரோல் வண்டியின் பலகையில் 1203 என்று இருந்தது. உலகம் முழுவதும் பெட்ரோலுக்கு அதுதான் எண். டீசலுக்கு 1202, சமையல் எரிவாயுவுக்கு 1075. பெட்ரோல் எண்ணோடு இன்னொரு குறியீடும் இருந்தது: 3ஒய்இ. அந்த மூன்று என்றால், தீயை நுரையால் அணைக்க வேண்டும். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். தண்ணீர்க் குழாயைத் திருப்பிப் பீய்ச்சினால் தீயும் சேர்ந்து பரவும். ஒய் என்றால், கொட்டியதைக் கழுவிச் சாக்கடையில் விடாதே, மண்போட்டு அணைகட்டு. இ என்றால், சுற்றியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டி வரலாம். மூன்றே எழுத்தில் தீயணைப்புக்காரருக்கு இத்தனை செய்தி!

அன்று முதல் சாலையில் எந்த டேங்கரைப் பார்த்தாலும் பலகையைத்தான் முதலில் பார்ப்பேன். மேட்டூர் பக்கமிருந்து வரும் அமில வண்டிகளில் அரிக்கும் பொருள்களைக் குறிக்கும் 8-ஆம் அபாய வகுப்புப் படம் இருக்கும். சொட்டும் திரவம் ஒரு கையையும் உலோகத்தையும் அரிப்பதுபோல. அந்தப் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தவருக்கு வகுப்பு எண் மறக்காது.

ஆங்கிலம் எனக்குச் சிரமம்தான். கேபினில் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய டிரெம் கார்டு எனப்படும் அவசரகால அட்டையை என் மகளுடன் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். அவள் வாசிப்பாள், நான் தமிழில் விளக்கம் சொல்வேன். பாதுகாப்பாக ஓட்டுவது பற்றிய பாடத்தில் புதிதாக அதிகமில்லை. ஆனால் பாதி நிரம்பிய தொட்டியில் திரவம் வளைவில் ஒருபுறமாகச் சாய்ந்து வண்டியைத் தள்ளும் என்பதை மட்டும் நன்றாகப் படியுங்கள். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். தொப்பூர் இறக்கம் நம் ஊர் ஓட்டுநர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தேர்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது: டேங்கர் கவிழ்ந்து பெட்ரோல் ஒழுகுகிறது, மக்கள் குடத்தோடு ஓடிவருகிறார்கள், நீ என்ன செய்வாய்? எஞ்சினை அணைத்து பேட்டரி இணைப்பைத் துண்டிப்பேன். கூட்டத்தைக் காற்று வரும் திசைக்கு, மேட்டுப் பக்கமாக விரட்டுவேன். பீடியோ செல்பேசியோ அருகில் வரவிடமாட்டேன். தள்ளி நின்று 112-க்கும் பலகையில் உள்ள தொலைபேசி எண்ணுக்கும் சொல்வேன். வருபவர்களிடம் அட்டையைக் கொடுப்பேன் என்று எழுதினேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேடு. இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். காரணம் தெரிந்தவருக்குப் பதற்றத்திலும் வரிசை தவறாது.

வண்டியில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கம்பி பற்றியும் கேட்டார்கள். இறக்கும்போது முதலில் எர்த், பிறகு குழாய். கழற்றும்போது குழாய் முதலில், எர்த் கடைசி.

தேறிய பிறகு சான்றிதழை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து உரிமத்தில் பதிவு செய்துகொண்டேன். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பதிவு மூன்று ஆண்டு செல்லும். புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சி உண்டு. அதற்காகவே டிரெம் கார்டின் நகல் ஒன்றை வீட்டிலும் வைத்திருக்கிறேன்.