ஏஜன்ட் ஒரேஞ்ச் விதவைக் கொடுப்பனவு: யாழ்ப்பாணத்தில் மறிபட்ட இடங்கள்

ஏஜன்ட் ஒரேஞ்ச் என்பது வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் படை காடுகளுக்குத் தெளித்த களைகொல்லி. அதனால் வந்ததாகக் கொள்ளப்படும் நோயில் இறந்த அமெரிக்கப் படைவீரரின் மனைவிக்கு அமெரிக்க அரசு மாதாமாதம் கொடுப்பனவு கொடுக்கிறது. மாமா அந்த யுத்தத்தில் நின்றவர். மாமியின் விண்ணப்பம் முதல் தரம் நிராகரிக்கப்பட்டது ஒரேயொரு சொல்லால். மாமாவின் மரணச் சான்றிதழில் "மாரடைப்பு" என்று தெளிவாக இருந்தது. மொழிபெயர்த்தவர் அதை "கார்டியக் அரெஸ்ட்" என்று போட்டுவிட்டார். அந்தச் சொல் இதயம் நின்றதைச் சொல்லுமே தவிர, ஏன் நின்றது என்று சொல்லாது. அமெரிக்க முன்னாள் படைவீரர் திணைக்களத்தின் விதியில் உள்ள நோய் இஸ்கீமிக் இருதய நோய், அதாவது இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நோய். அதற்குள் "மயோகார்டியல் இன்பார்க்ஷன்", அதாவது மாரடைப்பு, பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சொல் சரியாக விழுந்திருந்தால் எட்டு மாதம் மிச்சம்.

வியட்நாமில் நின்றவர்களின் குடும்பங்கள் இங்கே கை விடுவது பெரும்பாலும் "ஐம்பது வருசத்துக்கு முந்தி எந்தக் காட்டில் மருந்து அடித்தார்கள் என்று எப்படி நிரூபிக்கிறது" என்ற பயத்தில்தான். அதை நிரூபிக்கத் தேவையில்லை. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை வியட்நாம் மண்ணில் கால் வைத்த படைவீரர் எவரும் அந்த இரசாயனத்துக்கு ஆளானவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. தெளித்தது அரசு, நிரூபிக்கும் சுமையையும் அரசே ஏற்பதுதான் நியாயம். 1991இல் தான் அது சட்டமாக வந்தது, அதுவும் படைவீரர்கள் வருசக்கணக்காகப் போராடிய பிறகு.

குடும்பம் காட்ட வேண்டியது அவர் அங்கே நின்றார், ஏஜன்ட் ஒரேஞ்சால் வந்ததாகத் திணைக்களம் ஏற்கும் நோய்ப் பட்டியலில் உள்ள நோய் இருந்தது, அந்த நோய் மரணத்துக்குக் காரணமாகவோ துணைக்காரணமாகவோ இருந்தது, விண்ணப்பிப்பவர் அவருடைய மனைவி என்பவைதான்.

முதலாவதுக்கு டிடி 214 என்ற, படையிலிருந்து விடுவித்த பத்திரம் போதும். மாமாவின் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. வியட்நாம் சேவைப் பதக்கம் மட்டும் குறித்திருந்தால் நம்பியிருக்க வேண்டாம். கரை இறங்காமல் கடலில் நின்றவர்களுக்கும் தாய்லாந்தில் நின்றவர்களுக்கும் அது கொடுக்கப்பட்டது. வெளிநாட்டுச் சேவைக் குறிப்பில் வியட்நாம் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரமே இல்லையென்றால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள படை ஆவணக் காப்பகத்துக்கு, பிரதி கேட்கும் எஸ்எஃப் 180 படிவம் அனுப்ப வேண்டும். மருமகனோ பெறாமகனோ கையெழுத்து வைத்தால் திரும்பி வரும். மனைவி, பிள்ளை, பெற்றோர், சகோதரர் யாராவது வைக்க வேண்டும்.

பெயர்தான் அடுத்த தலையிடி. அமெரிக்கப் பத்திரத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகக் கடைசியில் நிற்கும். நம் விவாகச் சான்றிதழில் அது முன்னுக்கு நிற்கும், அடையாள அட்டையில் ஒரு எழுத்தாகச் சுருங்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அதில் அப்படியே எழுதுங்கள். முதல் விண்ணப்பத்தோடேயே வையுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நிராகரிப்பு வந்ததும் மரணச் சான்றிதழைத் திருத்தலாம் என்று நினைத்து ஒரு கந்தோரில் மூன்று நாள் வீணாகப் போனது. ஒருவர் அடுத்த மேசைக்கு அனுப்ப, அந்த மேசை அடுத்த கிழமை வரச் சொன்னது. அந்த அலைச்சலே தேவையில்லை. சான்றிதழில் பிழை இல்லை, மொழிபெயர்ப்பில்தான் பிழை. வேறொரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் புதிதாகச் செய்வித்து, தமிழ்ப் பிரதியையும் சேர்த்து, ஒரு வைத்தியரின் கடிதத்தோடு, புதிய சான்று காட்டி மறுபடி கேட்கும் 20-0995 படிவத்தில் மீள அனுப்பியது போதுமாக இருந்தது. தீர்மானக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு வருசத்துக்குள் இதை அனுப்பினால் முதல் விண்ணப்பத்தின் திகதி காப்பாற்றப்படும்.

வைத்தியர் கடிதத்தில் "இருக்கலாம்" என்ற சொல் வந்தால் அது ஊகம் என்று தள்ளிவிடுவார்கள். எங்கள் முதல் கடிதம் அப்படித்தான் இருந்தது. "மரணத்துக்கு இந்த நோய் காரணம் என்பதற்குக் குறைந்தது ஐம்பது வீத வாய்ப்பாவது உண்டு" என்ற பொருளில், எந்தெந்தப் பதிவுகளைப் படித்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதும், அவருடைய பதிவிலக்கமும் வேண்டும்.

அந்த வைத்தியரின் கையில் நாங்கள் கொடுத்தது மாமாவின் கிளினிக் கொப்பிகள் மூன்று. மட்டை கிழிந்து, மூலை மடிந்து, ஒவ்வொரு கிளினிக் நாளுக்கும் திகதி, பிரஷர் அளவு, குளிசையின் பெயர், வைத்தியரின் சுருக்கொப்பம். ஒரு பக்கத்தில் ஈசிஜி துண்டு ஸ்டேப்ளர் அடித்து இருந்தது. அந்தியேட்டி முடிந்து வீடு துப்பரவாக்கும்போது இவற்றைத்தான் முதலில் எரிப்பார்கள். தயவுசெய்து எரிக்காதீர்கள். 2022 ஆகஸ்ட் 10இல் கையெழுத்தான, நச்சுக்கு ஆளான படைவீரருக்கான அமெரிக்க பக்ட் சட்டத்துக்குப் பிறகு உயர் இரத்த அழுத்தமும் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பிரஷர் எண்களே சாட்சி. முன்பு நிராகரிக்கப்பட்டவர்களுடைய கோப்பைத் திணைக்களம் தானாகத் திறக்காது, நீங்கள்தான் மறுபடி போட வேண்டும்.

இறந்து ஒரு வருசத்துக்குள் 21பி-534ஈஸி என்ற விண்ணப்பப் படிவம் போய்ச் சேர்ந்தால் இறந்த மாதத்தின் முதல் நாளிலிருந்தே கணக்கு. கடதாசிகள் சேரப் பிந்தினால் விண்ணப்பிக்கப் போகிறோம் என்று அறிவிக்கும் 21-0966 படிவத்தை முதலில் அனுப்பித் திகதியைப் பிடித்து வையுங்கள். 2025இல் அடிப்படைத் தொகை மாதம் 1,653.07 டொலர். முதல் விண்ணப்பத்துக்குக் கூலி வாங்க எவருக்கும் சட்டத்தில் இடமில்லை. நிலுவையில் பங்கு கேட்டு ஒருவர் வீட்டுக்கே வந்தார். மாமி கையெழுத்து வைக்கவில்லை.

நீரிழிவு இருந்து சிறுநீரகம் பழுதாகி இறந்தவர்களின் வீட்டாரும் பாருங்கள். டைப் 2 நீரிழிவு பட்டியலில் உண்டு, அதனால் சிறுநீரகம் போனது என்று வைத்தியர் எழுதினால் அதுவும் துணைக்காரணம்தான். அந்தக் கொப்பியையும் தேடி எடுத்து வையுங்கள்.