பத்மினி கிளம்பவில்லையா? கார்பரேட்டரை விட்டுவிடுங்கள்

ஐப்பசியில் மழை பிடித்ததும் மேற்கு மாம்பலம் வீட்டில் உறை போட்டு நிறுத்திய என் பழைய பிரீமியர் பத்மினி காரைத் தை பிறந்த பிறகுதான் தொட்டேன். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றைப் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. 15 வருஷம் தாண்டிய காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சடங்கு உண்டு, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பேனா என்கிறது.

"கார்பரேட்டர் அடைச்சிருக்கும் சார், கழட்டிக் கழுவிடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பழைய வண்டி என்றாலே எல்லோரும் முதலில் கை நீட்டுவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் அந்தப் பாவப்பட்ட சாமான் மேல்தான். மழைக்கு நின்ற வண்டியில் நான் முதலில் பார்ப்பது கரண்ட். பாட்டரி 12.5 வோல்ட் காட்டியது, அதில் குறையில்லை. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒயரை மாட்டி, இன்ஜின் இரும்பில் படும்படி வைத்தேன். "சித்தப்பா, போடட்டுமா?" என்று அண்ணன் பையன் சாவியைத் திருப்பினான். நீலமாகப் படீரென்று வெட்ட வேண்டிய பொறி, மஞ்சளாக, நூல் மாதிரி, வந்தும் வராமலும் இருந்தது.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே லேசாக ஈரம். கரண்டை விட்டு விட்டு இணைத்து வெட்டும் பாயிண்ட் இரண்டும் சாம்பல் பூத்துக் கிடந்தன. நம் ஊர்க் கடல்காற்றுக்கும் மழைக்கும் இது சகஜம். அங்கே ஓடுவது வெறும் 12 வோல்ட். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத படலம் இருந்தாலே பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் கரண்ட் குறைந்து, பொறி செத்துவிடும். நைஸ் உப்புத்தாளைப் பட்டையாக வெட்டி, பாயிண்டுக்கு நடுவே விட்டு மெதுவாக இழுத்தேன். அதோடு நிறுத்தக் கூடாது. உதிர்ந்த பொடி அங்கேயே உட்கார்ந்திருக்கும். பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டு ஒன்றையும் இழுத்தெடுத்தால்தான் சுத்தம். இடைவெளியை 0.45 மில்லிமீட்டருக்கு வைத்து, மூடியைத் துடைத்துப் போட்டதும் பொறி நீலமானது.

அப்புறம் பெட்ரோல். இத்தனை நாள் நின்றதில் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் காய்ந்து போயிருக்கும். இன்ஜின் சுற்றினால்தான் பம்ப் வேலை செய்யும் என்பதால், பின்னாலிருக்கும் டாங்கிலிருந்து பெட்ரோல் வந்து சேர்வதற்குள் பாட்டரி படுத்துவிடும். பம்பின் அடியில் இருக்கும் சின்ன லீவரைக் கையால் அமுக்கினாலே போதும். நிரம்பியதும் அது தொளதொளவென்று ஆகிவிடும். முதல் அமுக்கிலேயே அப்படி இருந்தால் பம்பை இயக்கும் கேம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. செல்ஃபை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி அமுக்குங்கள்.

காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை முழுசாக இழுத்துவிட்டு சாவியைத் திருப்பினேன். இருமிக்கொண்டு பிடித்தது. கறுப்புப் புகை கொடியில் காய்ந்த துணிவரை போனதில் வீட்டில் கிடைத்த அர்ச்சனை தனி.

ஒரு வேலை பாக்கி. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸை நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கிறது. ஆர்.டி.ஓ. போவதற்கு முன் கார் சாமான் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய் எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் வாங்க வேண்டும், கூடவே பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரமும்.