ஏழாவது கையெழுத்து

எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பைத் தொடங்கிய அண்ணன் போய்விட்டார். நேற்று காடாற்று முடிந்து வீட்டுக்கு வந்தேன், உட்காரவே முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங் ஒலிம்பிக் ஏர் ரைஃபிள் போட்டியில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 புள்ளி அடித்துத் தங்கம் வாங்கியதை டீக்கடை டிவியில் சேர்ந்துதான் பார்த்தோம். அங்கேயே, "நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு இடம் வேணும்டா" என்றார். சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும், எங்களிடம் ஆறு பேர்தான். ஏழாவது கையெழுத்தை டீக்கடைக்காரரிடம் வாங்கி வந்தார்!

மூடிக்கிடந்த அரிசி ஆலைக் கொட்டகையில் பத்து மீட்டர் அளந்து, டார்கெட் பேப்பரை முன்னும் பின்னும் இழுக்கச் சைக்கிள் சக்கரத்தில் கயிறு கட்டினார். இரண்டே ஏர் ரைஃபிள்கள். ஈய பெல்லட் டப்பா வாங்கக்கூடச் சில மாதம் அவர் சம்பளம்தான்.

பத்துப் புள்ளிக்கான அந்த வெள்ளைப் பொட்டு அரை மில்லிமீட்டர்தான். ஆனால் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் மாதம் அதைப் பற்றி அவர் பேசவே மாட்டார், மூச்சு விடுவதையும் அசையாமல் நிற்பதையும்தான் சொல்லிக்கொடுப்பார், துப்பாக்கி முனை ஆள் பக்கம் ஒரு நொடி திரும்பினாலும் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. அந்தக் கண்டிப்பால்தான் பெற்றோர்கள் நம்பிப் பெண்பிள்ளைகளை அனுப்பினார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் துப்பாக்கி சுடும் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 2019-ல் கொட்டகை முழுக்க லட்டு கொடுத்தார், தன் மகளே ஜெயித்த மாதிரி.

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது அண்ணே. ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திறந்துவிடுவேன்.