ஆறு ரெசிஸ்டர்களும் ஒரு ஏடிமெகாவும்

பிசி 547, 2என் 3904 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். அதே கறுப்பு அரைவட்ட உடல், அதே மூன்று கால்கள், இரண்டுமே என்பிஎன் வகை. தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால், முதலாவதில் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர்; இரண்டாவதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். சி 945-ஐ எடுத்தால் அது எமிட்டர், கலெக்டர், பேஸ் என்று தனி வழியில் போகும். பழைய சர்க்யூட் போர்டுகளிலிருந்து கழற்றிய உதிரிகளில் எழுத்து அழிந்துபோனவையே என்னிடம் அதிகம். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, புரோப்களை மாற்றி மாற்றித் தொட்டு, எந்தக் கால் எது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரு டப்பா நிறைய டிரான்சிஸ்டர் இருந்தால் பொறுமை போய்விடும். அந்தச் சலிப்பான வேலையை மைக்ரோகண்ட்ரோலரின் தலையில் கட்டுவதற்காகத்தான், செருகிய பாகம் என்ன, எந்தக் கால் எது என்று தானே சொல்லும் இந்த டெஸ்டர்.

மின்சுற்று என்னுடையதல்ல. ஜெர்மனியின் மார்குஸ் ஃப்ரேயெக் ஏடிமெகா 8 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப்பை வைத்து உருவாக்கியது. பின்னர் கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் அதைக் கையில் எடுத்து, ஏடிமெகா 328 வரை கொண்டுவந்து, வெகுவாக விரிவாக்கினார். மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இன்று மலிவாகக் கிடைக்கும் டெஸ்டர்கள் பலவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அப்படியானால் ஒன்றை வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். தாராளமாக வாங்கலாம். நான் சுற்றை அப்படியே எடுத்துக்கொண்டு நிரலை மட்டும் புதிதாக எழுதினேன். திரையில் தெரியும் எண் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்று தெரியாமல் அதை நம்புவது எனக்கு ஒத்துவருவதில்லை.

சுற்று வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. வெளியே மூன்று சோதனை முனைகள். ஒவ்வொரு முனையும் சிப்பின் மூன்று கால்களோடு இணைகிறது: நேராக ஒரு கால், 680 ஓம் வழியாக ஒன்று, 470 கிலோ ஓம் வழியாக ஒன்று. நேர் கால்கள் மூன்றும் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) உள்ளீடுகள் என்பதால் அங்கேயே மின்னழுத்தத்தையும் படித்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் ஆறு ரெசிஸ்டர்கள். மீதி எல்லாம் துணைக்கு: 16 எழுத்து, இரண்டு வரி திரை, அதை இரண்டே சமிக்ஞைக் கம்பிகளில் இணைக்கும் ஐ-ஸ்கொயர்-சி பலகை, நெம்புகோல் வைத்த ஜிஃப் சாக்கெட், ஒரு பொத்தான், 5 வோல்ட். தமிழில் காட்டலாமா என்று ஒரு நப்பாசை இருந்தது. ஓர் எழுத்துக்கு 5×8 புள்ளிகள், சொந்தமாக வரையக் கிடைக்கும் இடம் எட்டே எழுத்துகள் என்ற நிலையில் அதைக் கைவிட்டு, டையோடு, கெப்பாசிட்டர் குறியீடுகளை அங்கே வரைந்துகொண்டேன்.

அந்த ஆறு ரெசிஸ்டர்களில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 1 சதவீதத் துல்லியம் குறைந்தபட்சம். இல்லாவிட்டால் நல்ல மீட்டரில் ஒவ்வொன்றையும் அளந்து, அளந்த மதிப்பையே நிரலில் எழுதிவிட வேண்டும். இன்னொன்று, தயார் நிலையில் வரும் அர்டுயினோ நானோ போன்ற பலகையைப் பயன்படுத்துவோர் 13-ஆம் எண் காலில் தொங்கும் எல்இடியைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு 470 கிலோ ஓம் வந்து சேர்ந்தால், அந்தக் காலை நிரல் அணைத்து வைத்திருக்கும்போதும் எல்இடி வழியாகச் சில மைக்ரோ ஆம்பியர் ஒழுகும். பத்து மைக்ரோ ஆம்பியரை வைத்து அளக்கிற கருவியில் அது பெரிய திருட்டு. எல்இடியைக் கழற்றிவிடுவதே மேல்.

நிரலில் முதலில் எழுதியது அளவீடு அல்ல, ஒரு தடை. ஒரு முனையின் நேர் காலை 5 வோல்ட்டிலும் இன்னொன்றின் நேர் காலை பூஜ்யத்திலும் வைத்து, இடையில் ஒரு கம்பியோ ஷார்ட் ஆன டையோடோ இருந்தால், மின்னோட்டத்தைத் தடுக்க சிப்பின் உள்மின்தடை மட்டுமே மிஞ்சும். இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 40 ஓம். அப்படியானால் 125 மில்லி ஆம்பியர். ஒரு காலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 40. ஆகவே முனைகளின் நிலையை மாற்றும் அதிகாரம் நிரலின் ஒரே ஒரு சார்புக்குத்தான் (ஃபங்ஷன்). எதிரெதிர் நிலையில் இரண்டு நேர் கால்களைக் கேட்டால் அது மறுத்துவிடும். 680 ஓம் ஏதாவது ஒரு பக்கம் இருந்தால் மின்னோட்டம் 7 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. சோதிக்கப்படும் பாகத்துக்கும் அதுவே பாதுகாப்பு.

அடையாளம் காணும் பகுதியை எழுதும்போதுதான் உண்மையில் ரசித்தேன். மூன்று முனைகளில் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ், மூன்றாவது சும்மா. இப்படி ஆறு வரிசைகள். ஒவ்வொன்றிலும் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, மூன்றாவது முனையை மேலேயோ கீழேயோ இழுத்துப் பார்க்க வேண்டும். அதனால் ஓட்டம் மாறினால் மூன்று கால் கொண்ட பாகம் ஏதோ மாட்டியிருக்கிறது. அது சாதாரண டிரான்சிஸ்டரா, கேட் என்ற காலின் மின்னழுத்தத்தால் இயங்கும் மாஸ்ஃபெட்டா? 470 கிலோ ஓம் வழியாக அந்த மூன்றாவது முனைக்கு 5 வோல்ட் கொடுத்து அங்கேயே அளந்தால் பதில் கிடைத்துவிடும். 0.6, 0.7 வோல்ட்டில் நின்றால் அது பேஸ். யாரும் தடுக்காமல் 5 வோல்ட் வரை ஏறிவிட்டால் கேட்.

கேட் ஒரு பிடிவாதக்காரன். ஒருமுறை ஏற்றிய மின்னூட்டத்தை விடவே விடாது. அடுத்த வரிசைக்கு நகரும்போது அந்த முனையை வெறுமனே மிதக்கவிட்டால், மாஸ்ஃபெட் இன்னும் திறந்தே கிடந்து, இல்லாத ரெசிஸ்டர் ஒன்றைத் திரையில் காட்டும். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் மூன்று முனைகளையும் கீழே இழுத்து வெறுமையாக்கிவிட்டே விட வேண்டும்.

டிரான்சிஸ்டரில் பேஸ் எது என்று தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பேஸிலிருந்து பார்த்தால் கலெக்டரும் எமிட்டரும் இரண்டு ஒரே மாதிரி டையோடுகள். டையோடு அழுத்தத்தில் உள்ள சின்ன வேறுபாட்டை நம்புவதைவிட, டிரான்சிஸ்டரையே வேலை செய்ய வைத்துப் பார்ப்பது நம்பகமானது. கலெக்டர் என்று கருதும் காலை நேராக 5 வோல்ட்டில், எமிட்டர் என்று கருதுவதை 680 ஓம் வழியாகக் கீழே, பேஸை 470 கிலோ ஓம் வழியாக மேலே வைத்துப் பெருக்கத்தை, அதாவது பேஸ் மின்னோட்டம் எத்தனை மடங்காகிறது என்பதை, கணக்கிட வேண்டும். பிறகு இரண்டையும் இடம் மாற்றி மறுபடியும். தலைகீழாகப் போட்ட டிரான்சிஸ்டரின் பெருக்கம் மிகக் குறைவு. எந்தப் பக்கம் பெரிய எண் வருகிறதோ அதுவே சரியான பக்கம். பெருக்கம் 300 உள்ள ஒன்றில் பேஸுக்கு 6.4 மைக்ரோ ஆம்பியர் அளவில் போகும், எமிட்டரில் 1.3 வோல்ட் சொச்சம் நிற்கும். அதாவது 2 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. டேட்டாஷீட்டில் வேறு மின்னோட்டத்தில் சொல்லியிருக்கும் எச்எஃப்இ (பெருக்கம்) மதிப்போடு இதை ஒப்பிட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பத்து டிரான்சிஸ்டர்களில் ஒத்துப்போகும் இரண்டைப் பொறுக்குவதற்கு இந்த எண் அருமையானது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. மேலே 680 ஓம் என்று சொன்னேன். உண்மையில் அது 700 ஓம். சிப்பின் கால் தரைக்கு இழுக்கும்போது அதற்குள்ளேயே 20 ஓம் அளவுக்கு மின்தடை இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் 3 சதவீதம் பிழை. விலையுயர்ந்த கருவியாக இருந்தால் நல்ல ஸ்விட்ச் ஒன்றைப் போட்டு இந்தப் பிரச்சினையை ஒழித்திருப்பார்கள். இங்கே சிப் தன்னுடைய குறையைத் தானே அளந்துகொள்கிறது. சாக்கெட் காலியாக இருக்கும்போது, ஒரு முனையின் நேர் காலைக் கீழேயும் அதே முனையின் 680 ஓமை மேலேயும் இழுத்தால், அந்த முனையில் 140 மில்லி வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். இரண்டையும் தலைகீழாக மாற்றி இன்னோர் அளவு. இரண்டு சமன்பாடு, இரண்டு அறியாத மதிப்பு. மேலே இழுக்கும் மின்தடை, கீழே இழுக்கும் மின்தடை இரண்டும் கிடைத்துவிடும். மூன்று முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் புரோப் கம்பிகளின் மின்தடை. விரித்து வைத்தால் வெற்றுக் கம்பிகளின் கெப்பாசிட்டன்ஸ். எல்லாவற்றையும் மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் எழுதிவைத்து, பிறகு ஒவ்வோர் அளவீட்டிலும் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கருவி மலிவாக இருக்க முடிவதே இந்தக் கழித்தலால்தான் என்பது என் கட்சி.

ஏடிசியும் அதே ரகம். 10 பிட், அதாவது 1024 படிகள். 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்தால் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லி வோல்ட். சிறிய மின்னழுத்தங்களுக்கு உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் அளவுகோலுக்கு மாறினால் படி 1.07 மில்லி வோல்ட்டாகச் சிறுக்கும். ஆனால் அந்த 1.1 என்பது பெயருக்குத்தான், டேட்டாஷீட் 1.0 முதல் 1.2 வரை எதையும் அனுமதிக்கிறது. உங்கள் சிப்பில் அது எவ்வளவு என்று ஒருமுறை அளந்து பதிந்தே ஆக வேண்டும். அளவுகோலை மாற்றியதும் வரும் முதல் அளவைக் குப்பையில் போடுவது இன்னொரு கட்டாயம். அளவுகோல் மின்னழுத்தம் நிற்கும் ஏரெஃப் காலில் வழக்கமாகப் போடும் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் 5-லிருந்து 1.1-க்கு இறங்கப் பல மில்லி வினாடிகள் எடுத்துக்கொள்ளும். அதைக் கழற்றி 1 நானோ ஃபாரட் போட்டபின் காத்திருப்பு மறைந்தது. இவ்வளவு செய்தாலும் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் மேல் 68 மில்லி வோல்ட்தான் விழும், 64 படிகள். 1 ஓமுக்கு ஆறேழு படிகள். பல அளவுகளின் சராசரியை எடுத்தாலும், சிறிய மின்தடைகளை இதில் அளந்து பெருமைப்பட ஒன்றும் இல்லை.

கெப்பாசிட்டருக்கு இரண்டு வழிகள். சிறியவற்றை 470 கிலோ ஓம் வழியாக ஏற்றி, சிப்பின் ஒப்பீட்டுப் பகுதி 1.1 வோல்ட்டைத் தொட்டதாகச் சொல்லும் கணத்தில் டைமரை நிறுத்த வேண்டும். 5 வோல்ட்டில் அதற்கு ஆகும் நேரம் மின்தடையையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கிய (ஆர்-சி) தொகையின் 0.2485 மடங்கு. 100 பைக்கோ ஃபாரட்டுக்கு 11.7 மைக்ரோ வினாடி. 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 187 துடிப்புகள். அரை பைக்கோ ஃபாரட் வரை பிரித்தறிய முடியும் என்று கணக்கு சொல்கிறது. கையை அருகில் கொண்டுபோனால் அந்தத் துல்லியம் காற்றில் பறக்கும் என்பதைக் கணக்கு சொல்வதில்லை. பெரியவற்றுக்கு இது சரிப்படாது. 680 ஓம் வழியாக 10 மில்லி வினாடித் துடிப்புகளாக ஏற்றி, 300 மில்லி வோல்ட் எட்டியதும் நிறுத்திக் கணக்கிடுகிறேன். 1000 மைக்ரோ ஃபாரட்டுக்கு நான்கைந்து துடிப்புகள் போதும்.

கெப்பாசிட்டர் எண்களைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். ஒழுகும் எலக்ட்ரோலிட்டிக் ஏறுவதற்கு நேரம் அதிகம் எடுக்கும். கருவி அதைப் பெரிய கெப்பாசிட்டர் என்று புரிந்துகொண்டு, எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். கூடுதலாகக் காட்டினால் மகிழ்ச்சியடையாமல், ஏற்றிவிட்டுச் சற்று நேரம் கழித்து மின்னழுத்தம் எவ்வளவு வடிந்தது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்7ஆர் வகை செராமிக்குகள் இன்னொரு விதம்: இங்கே ஒரு வோல்ட்டுக்குள் அளக்கும்போது முழு மதிப்பையும் காட்டும், உண்மையான சுற்றில் மின்னழுத்தம் ஏறினால் மதிப்பு குறைந்துவிடும். ஈஎஸ்ஆர், அதாவது கெப்பாசிட்டரின் உள்மின்தடையை அளப்பது, என் நிரலில் இல்லை. பவர் சப்ளை பழுதுபார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் க்யூபெலரின் நிரலையே ஏற்றிக்கொள்ளுங்கள். அதை அவர் அளவுக்கு என்னால் செய்ய முடியாது.

5 வோல்ட், 7 மில்லி ஆம்பியர் என்ற வேலிக்கு வெளியே இருப்பவை இந்தக் கருவியின் கண்ணில் படாது. கேட்டுக்கு அதற்கு மேல் மின்னோட்டம் கேட்கும் ட்ரையாக், தைரிஸ்டர் போன்ற மின்சுவிட்ச் பாகங்கள் சரியாக அடையாளம் தெரியாது. 12 வோல்ட் ஜீனர் டையோடு சாதாரண டையோடாகத் தெரியும். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த டார்லிங்டன்களின் (இரண்டு டிரான்சிஸ்டர் சேர்ந்த பாகங்கள்) பெருக்கம் அபத்தமாக வரும். "பாகம் இல்லை அல்லது பழுது" என்ற பொருளில் திரை சொன்னால் முதல் பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதைக் கொல்ல ஒரே நிச்சயமான வழி, மின்னூட்டம் உள்ள கெப்பாசிட்டரைச் செருகுவது. முனைகள் நேராக சிப்புக்குள் போவதால் தடுப்பதற்கு நடுவில் யாரும் இல்லை. ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து வெறுமையாக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வெறுமையாக்குங்கள். பெரிய எலக்ட்ரோலிட்டிக்குகளில் போன மின்னழுத்தம் ஓரளவு தானாகத் திரும்பி வரும். நான் சிப்பைப் பலகையில் பற்றவைக்காமல் சாக்கெட்டில் வைத்திருப்பதும், அதே நிரலை ஏற்றிய இன்னொன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதும் இதற்காகத்தான். மாற்றும் நாள் வந்தால் சுய அளவீட்டை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஒரு சிப்பின் 1.1 வோல்ட்டும் 20 ஓமும் இன்னொரு சிப்புக்குப் பொருந்தாது.